சால்வேஜ் டைட்டில் கார்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

அமெரிக்காவில் பழைய கார் தேடுகிறவர்களுக்கு இந்த விளம்பரம் ஒரு நாள் கண்ணில் படாமல் போகாது. ஐந்து வருடப் பழைய செடான், அதிகம் ஓடவில்லை, படங்களில் புதுக்கார் மாதிரி மினுங்குகிறது. அதே மாடலின் மற்ற கார்களைவிட விலை மட்டும் நாலாயிரம், ஐயாயிரம் டாலர் குறைவு. கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும்: ரீபில்ட் டைட்டில், அல்லது சால்வேஜ் டைட்டில். டைட்டில் என்றால் காரின் உரிமைப் பத்திரம்.

படிக்க வந்த மாணவருக்கும், புதிதாக வேலைக்கு வந்து கடன் வரலாறே இல்லாதவருக்கும் அந்த நாலாயிரம் டாலர் சின்னத் தொகை இல்லை. அதனால் "அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல சால்வேஜ் கார்கள் இருக்கின்றன, உயிருக்கு உலை வைக்கும் சால்வேஜ் கார்களும் இருக்கின்றன. டைட்டிலில் இருக்கும் முத்திரையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. காருக்கு என்ன நடந்தது, அதை யார் எப்படிச் சரிசெய்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் படமும் பில்லும் காட்ட முடிந்த காரை மட்டும் யோசியுங்கள். வாய்வார்த்தைதான் கிடைக்கிறது என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்தக் கார் வேண்டாம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியை வைத்துத்தான்.

படி 1: டைட்டிலில் இருக்கும் சொல்லைப் படியுங்கள்

விளம்பரம் எழுதுகிறவர்கள் சால்வேஜ், ரீபில்ட் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். சட்டப்படி இவை வேறு வேறு.

சால்வேஜ் டைட்டில் என்றால், இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தக் காரை டோட்டல் லாஸ் (பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது) என்று முடிவு செய்து உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டது, கார் இன்னும் மாநிலப் பரிசோதனையைத் தாண்டவில்லை என்று பொருள். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பதிவு செய்து சாலையில் ஓட்ட முடியாது. வாங்கினால் டோ டிரக்கில்தான் ஏற்றி வர வேண்டும்.

ரீபில்ட் டைட்டில் என்றால், கார் சரிசெய்யப்பட்டு, மாநிலம் கேட்கும் பரிசோதனை முடிந்து, மறுபடி சாலைக்கு வந்துவிட்டது. கலிபோர்னியாவில் இதை ரிவைவ்ட் சால்வேஜ் என்பார்கள், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் ரீகன்ஸ்ட்ரக்டட். பெயர் எதுவானாலும் முத்திரை நிரந்தரம். கார் எத்தனை கை மாறினாலும் அது கூடவே வரும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஜங்க், நான்-ரிப்பேரபிள், சர்டிபிகேட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் என்று ஏதாவது எழுதியிருந்தால், அந்தக் காரைப் பாகங்களுக்காகப் பிரிக்கலாம், அவ்வளவுதான். இனி அது சாலைக்கு வரவே முடியாது. இதையும் "கொஞ்சம் வேலை பார்த்தால் ஓடும்" என்று விற்கப் பார்ப்பார்கள்.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது காரின் படம் அல்ல, டைட்டிலின் படம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். "டைட்டில் இன்னும் வரவில்லை, டி.எம்.வி.யில் (மாநில வாகனப் பதிவுத் துறையில்) இருக்கிறது" என்றால், வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. "மாநிலமே பரிசோதித்து ரீபில்ட் கொடுத்திருக்கிறது, அப்புறம் என்ன பயம்?" என்று விற்பவர் கேட்பார். நியூயார்க்கில் டி.எம்.வி. செய்யும் சால்வேஜ் பரிசோதனையின் நோக்கமே காரில் திருட்டுப் பாகங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். வளைந்த சேசிஸ் சரியாக நிமிர்ந்ததா, ஏர்பேக் நிஜமானதா என்று அதில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சில மாநிலங்கள் பிரேக், விளக்கு போன்றவற்றையும் பார்க்கும். எந்த மாநிலமும் பாடி ஷாப் வேலையின் தரத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. உங்கள் மாநிலப் பரிசோதனை எதைப் பார்க்கிறது என்று டி.எம்.வி. தளத்தில் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இன்னும் சால்வேஜ் நிலையில் இருக்கும் காரை வாங்கி நாமே சரிசெய்வது டிங்கரிங் வேலை தெரிந்தவர்களுக்கானது. ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது, பழைய பாகம் என்றால் அது எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் வின் நம்பர் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) என்று மாநிலம் கேட்கும். முதல் கார் வாங்குகிறவர் இதில் இறங்க வேண்டாம். இனி ரீபில்ட் டைட்டில் காரை வாங்குவதைப் பற்றியே பேசுகிறேன்.

படி 2: ஏன் டோட்டல் லாஸ் ஆனது என்று கணக்குப் போடுங்கள்

டோட்டல் லாஸ் என்றதும் நசுங்கிய கார்தான் மனதில் வரும். ஆனால் அது ஒரு கணக்கு. பழுது பார்க்க ஆகும் செலவு, காரின் அன்றைய மதிப்பில் எத்தனை சதவீதம்? அந்த எல்லையை மாநிலங்கள் வைத்திருக்கின்றன. டெக்சாஸில் 100 சதவீதம், புளோரிடாவில் 80, நியூயார்க்கில் 75, ஓக்லஹோமாவில் 60. கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்றவற்றில் நிலையான சதவீதம் கிடையாது. பழுதுச் செலவையும், உடைந்த நிலையில் கார் எவ்வளவுக்குப் போகும் என்ற தொகையையும் கூட்டி, அது காரின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

இதிலிருந்து வாங்குபவருக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. 6,000 டாலர் மதிப்புள்ள பழைய கார், ஒரு கதவும் பின் ஃபெண்டரும் நசுங்கினாலே டோட்டல் லாஸ் ஆகிவிடும். இன்றைய பாடி ஷாப் கூலிக்கு 4,800 டாலர் ஆவது பெரிய விஷயம் இல்லை. 30,000 டாலர் மதிப்பில், இரண்டே வருடப் பழைய கார் ஒன்று டோட்டல் லாஸ் ஆகியிருந்தால், அதற்கு 20,000 டாலரைத் தாண்டிய சேதம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த அளவு அடி வெறும் தகடோடு நிற்காது, காரின் எலும்புக்கூடு வரை போயிருக்கும். ஆக, புதிய கார் மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுவதற்குப் பதில் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். ஆசை நம்மை எதிர்ப்பக்கம்தான் இழுக்கும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது விஷயம், டெக்சாஸில் முத்திரை வாங்கிய காரும் ஓக்லஹோமாவில் முத்திரை வாங்கிய காரும் ஒரே அளவு அடிபட்டவை அல்ல. முதன்முதலில் எந்த மாநிலத்தில் முத்திரை விழுந்தது என்பதை வரலாற்று அறிக்கையில் பாருங்கள்.

படி 3: வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய தேடல்

வின் நம்பரை வாங்குங்கள். 1981 மாடல் முதல் வந்த எல்லாக் கார்களுக்கும் அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. விற்பவர் வின் கொடுக்கத் தயங்கினால் மேலே பேச ஒன்றும் இல்லை.

முதலில் இலவசமானவை. என்.ஐ.சி.பி. என்ற இன்சூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பின் தளத்தில் வின்செக் என்று ஒரு வசதி உண்டு. கார் திருடு போனதாகவோ, சால்வேஜ் ஆனதாகவோ அதன் உறுப்பினர் நிறுவனங்கள் பதிந்திருந்தால் அது காட்டும். அடுத்தது, சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் ரீகால் தேடல். முடிக்காத ரீகால் (பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது) ஏதாவது இருக்கிறதா என்று வின் போட்டதும் தெரிந்துவிடும்.

அப்புறம் காசு கொடுத்து எடுக்க வேண்டியவை. என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான, நாடு முழுவதற்குமான டைட்டில் தரவுத்தளம். இன்சூரன்ஸ் நிறுவனங்களும் சால்வேஜ் யார்டுகளும் 2009 மார்ச் முதல் இதற்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தளங்களில் சில டாலருக்கே அறிக்கை கிடைக்கும். எந்தெந்த மாநிலத்தில் என்ன முத்திரை விழுந்தது, கடைசி ஓடோமீட்டர் எவ்வளவு என்பதற்கு இது நல்லது. விபத்து விவரமோ சர்வீஸ் விவரமோ இதில் இருக்காது. அதற்கு கார்ஃபாக்ஸ் அல்லது ஆட்டோசெக் போன்ற தனியார் வரலாற்று அறிக்கை வேண்டும். வாங்குவது கிட்டத்தட்ட உறுதி என்ற நிலைக்கு வந்த காருக்கு மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

அறிக்கை சுத்தமாக வந்தாலும் கார் சுத்தம் என்று ஆகிவிடாது. முழு இன்சூரன்ஸ் இல்லாத கார் விபத்தில் சிக்கினால், டோட்டல் லாஸ் என்று அறிவிக்க ஆளே இல்லாமல் போகலாம், முத்திரையும் விழாமல் போகலாம். ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரையை இன்னொரு மாநிலத்தில் டைட்டில் மாற்றி மறைக்கும் வேலையும் நடக்கிறது, அதற்கு டைட்டில் வாஷிங் என்றே பெயர். குறுகிய காலத்தில் கார் இரண்டு மூன்று மாநிலம் தாவியிருந்தால் காரணம் கேளுங்கள்.

இதே உட்காரலில் இரண்டு போன் அழைப்புகளையும் முடித்துவிடுங்கள். காரைப் பார்த்து மனம் ஒட்டிக்கொண்ட பிறகு இந்தப் பதில்கள் காதில் ஏறாது.

முதல் அழைப்பு உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு. வின் நம்பரைக் கொடுத்து மூன்று கேள்விகள்: ரீபில்ட் டைட்டில் காருக்கு கொலிஷனும் (மோதலில் நம் காருக்கு ஆகும் சேதம்) காம்ப்ரிஹென்சிவும் (திருட்டு, ஆலங்கட்டி போன்றவை) தருவீர்களா, இல்லை லயபிலிட்டி (அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதம்) மட்டும்தானா? தருவதற்கு முன் என்ன படம், என்ன பரிசோதனை கேட்பீர்கள்? மறுபடி டோட்டல் லாஸ் ஆனால் மதிப்பை எப்படிக் கணக்கிடுவீர்கள்? பல நிறுவனங்கள் லயபிலிட்டியோடு நின்றுவிடும். அப்படியென்றால் நாளை உங்கள் தவறால் விபத்து நடந்தால் உங்கள் காருக்கு ஒரு டாலர்கூட வராது. முழுக் கவரேஜ் கொடுக்கும் நிறுவனமும், முத்திரை இருப்பதால் குறைத்துத்தான் மதிப்புப் போடும்.

இரண்டாவது அழைப்பு கடன் வாங்க நினைப்பவர்களுக்கு. பெரும்பாலான வங்கிகள் இந்த டைட்டிலுக்குக் கார் கடன் தருவதில்லை, சில கிரெடிட் யூனியன்கள் தரும். "பர்சனல் லோன் எடுத்துக்கொள்கிறேன்" என்றால், அதன் வட்டி மிச்சமாகும் விலையைத் தின்றுவிடும். என்னைக் கேட்டால், கையில் ரொக்கம் இருந்தால் மட்டுமே இந்தக் காரைப் பற்றி யோசிக்கலாம்.

படி 4: பழுது பார்க்கும் முன் எடுத்த படங்களைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனங்கள் டோட்டல் லாஸ் கார்களைப் பெரும்பாலும் கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏல நிறுவனங்கள் வழியாகத்தான் விற்கின்றன. ஏலத்துக்கு வரும் காரை முன், பின், பக்கவாட்டு, உள்பக்கம், ஓடோமீட்டர் என்று படம் எடுத்துப் போடுவார்கள். எங்கே அடி, இரண்டாவதாக எங்கே அடி, சாவி உண்டா, இன்ஜின் ஓடுகிறதா என்றும் குறிப்பு இருக்கும். வின் நம்பரைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தாலே பல சமயம் அந்தப் பழைய ஏலப் பக்கம் வந்துவிடும்.

சரிசெய்து விற்பதையே தொழிலாக, நேர்மையாகச் செய்பவர்கள் இந்தப் படங்களைத் தாங்களாகவே காட்டுவார்கள். வேலை நடக்கும்போது எடுத்தது, புதுப் பாகம் மாட்டியது, பில்கள் எல்லாம் வைத்திருப்பார்கள். "பம்பர்தான் கொஞ்சம் நசுங்கியது, படம் எல்லாம் இல்லை" என்பவரிடம், ஏலப் படத்தில் இரண்டு ஏர்பேக்கும் வெடித்துத் தொங்குவதைப் பார்த்தால், அவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது. சேதத்தைவிட அந்தப் பொய்தான் பெரிய பிரச்சினை. ஒன்றை மறைத்தவர் வேலையில் எதையெல்லாம் குறுக்கு வழியில் முடித்தார் என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

படி 5: அடி எந்த வகை?

ஆலங்கட்டி மழை. டெக்சாஸ், கொலராடோ பக்கம் இது சாதாரணம். கூரையிலும் பானெட்டிலும் நூறு பள்ளம், ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சால்வேஜ் கார்களில் எனக்குப் பிடித்த வகை இதுதான். கண்ணாடி உடைந்து உள்ளே தண்ணீர் இறங்கியதா என்று மட்டும் பாருங்கள்.

திருடு போய்க் கிடைத்தது. இன்சூரன்ஸ் பணம் கொடுத்து முடித்த பிறகு கார் கிடைத்தால், அதற்கும் முத்திரை விழலாம். சக்கரம், கேடலிடிக் கன்வர்ட்டர், சீட் என்று ஏதாவது கழன்றிருக்கும். உடல் நேராக இருந்தால் இதுவும் நல்ல வாய்ப்புதான். யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாது, ஆகவே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

பின்பக்க அடி. டிக்கித் தளமும் அதன் கீழிருக்கும் தண்டுகளும் வளையாமல், பம்பரும் டிக்கி மூடியும் மட்டும் போயிருந்தால் யோசிக்கலாம்.

முன்பக்க அடி. ரேடியேட்டர், அதைத் தாங்கும் சட்டம், ஹெட்லைட் இவ்வளவோடு நின்றதா, பின்னால் இருக்கும் முக்கியத் தண்டுகள் வரை போனதா என்பதுதான் கேள்வி. இன்றைய கார்களில் முன்பகுதி மோதும்போது மடங்கிச் சக்தியை விழுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஒரு தடவை மடங்கிய உலோகத்தை நிமிர்த்திப் பட்டி போட்டு மூடினால் பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த மோதலில் அது எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கவாட்டு அடி, கதவுகளுக்கு நடுவில் இருக்கும் தூண்வரை போனது என்றால் வேண்டாம். அந்தத் தூண்களில் போரான் கலந்த, மிகக் கடினமான எஃகைப் பயன்படுத்துகிறார்கள். சூடாக்கி நிமிர்த்தினால் அதன் பலமே போய்விடும். கவிழ்ந்த கார், தீப்பிடித்த கார் இரண்டும் பார்க்கவே வேண்டாம்.

வெள்ளம். இதற்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். 2005இல் கத்ரீனா, 2012இல் சாண்டி, 2017இல் ஹார்வி, 2022இல் இயன் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மூழ்கிய கார்கள் காய்ந்து, கழுவப்பட்டு, புயலே வராத மாநிலங்களுக்கு விற்பனைக்குப் போயிருக்கின்றன. தண்ணீர் வயரிங் இணைப்புகளுக்குள் மெதுவாகத் துருப்பிடிக்க வைக்கும். வாங்கும் நாளில் எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து ஒரு ஜன்னல், அப்புறம் ஏ.பி.எஸ்., அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நிற்பது. எந்த மெக்கானிக்காலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. மின்சாரக் கார் என்றால் உப்புத்தண்ணீர் பேட்டரிக்குள் போய் நாட்கள் கழித்துத் தீப்பிடிக்கலாம், இயன் புயலுக்குப் பின் புளோரிடாவில் இது நடந்தது. டெஸ்லா வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: சால்வேஜ் ஆன கார்களுக்கு அந்த நிறுவனம் சூப்பர்சார்ஜர் (வேகமாக சார்ஜ் செய்யும்) வசதியை நிறுத்திவிடலாம்.

நண்பர் ஒருவருக்காக நான் போய்ப் பார்த்த ஒரு செடானின் டைட்டிலில் ரீபில்ட் என்று மட்டும் இருந்தது, விற்றவர் பின்பக்க அடி என்றார். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தபோது, அதன் அடியில் இருந்த பள்ளத்தில் விரல் வைத்தால் ஒட்டும் மெல்லிய வண்டல். ஸ்டெப்னி ஒரு தடவையும் கழற்றப்படவில்லை என்பதால் அங்கே மட்டும் கழுவ மறந்திருக்கிறார்கள். நண்பர் முன்பணம் கொடுக்கத் தயாராக வந்திருந்தார். அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்த்தாலும் நான் முதலில் திறப்பது அந்த இடத்தைத்தான்.

படி 6: ஏர்பேக்கைத் தனியாகப் பாருங்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம், மற்ற தவறுகளில் பணம் போகும், இதில் உயிர் போகும்.

ஏர்பேக் வெடித்த காரில், பைகள், அவற்றை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர், சீட் பெல்ட் இழுப்பான், சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் மாற்ற வேண்டியிருக்கலாம். நிறுவனத்தின் அசல் பாகங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். லாபம் பார்க்க நினைப்பவர் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். வெறும் மூடியை மட்டும் மாட்டி உள்ளே ஒன்றும் வைக்காமல் விடுவது ஒரு வகை. மலிவான போலி இன்ஃப்ளேட்டர் வைப்பது அதைவிட மோசம். மோதும்போது அது விரிவதற்குப் பதில் வெடித்து, உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மேல் வீசும். 2024 ஜூலையில் என்.எச்.டி.எஸ்.ஏ. இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் இப்படி மாற்றிவைத்த மலிவு இன்ஃப்ளேட்டர்களால் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் வாழ்க்கையே மாறும் அளவு காயப்பட்டார்கள். பெரும்பாலும் எல்லாமே ஏற்கனவே ஒரு விபத்தில் ஏர்பேக் வெடித்து, பழையதாக வாங்கப்பட்ட கார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறு தெரியாமலிருக்க விளக்கையே செயலிழக்க வைத்திருக்கலாம், இது இன்னும் மோசம். ஏலப் படத்தில் ஏர்பேக் வெடித்திருந்தால், மாற்றிய ஒவ்வொரு ஏர்பேக் பாகத்துக்கும் டீலர்ஷிப் பில் வேண்டும். பில் இல்லையா? கார் வேண்டாம். வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த நிறுவனத்தின் டீலர்ஷிப்பில் பையைத் திறந்து பாகத்தின் எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் பணம்.

படி 7: பகலில், காய்ந்த காரை நேரில் பாருங்கள்

மழையிலும் இரவிலும் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். பானெட்டையும் ஃபெண்டரையும் பிடிக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அவை கழன்று ஏறியவை. பெயின்ட் தடிமன் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்வது பயன் தரும். கம்பெனிப் பெயின்ட் சுமார் 100 முதல் 180 மைக்ரான் இருக்கும். ஓரிடத்தில் திடீரென்று 600, 1,000 என்று ஏறினால் அதன் அடியில் பட்டி இருக்கிறது. பின் ஃபெண்டரில் இருந்தால் பேரம் பேசலாம், கூரைத் தூணில் இருந்தால் கிளம்பலாம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளம் பார்த்த காரில் அடிப்பகுதியில் கறையோ சேறோ தெரியும். சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் மண், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு, மூக்கைத் துளைக்கும் அளவு வாசனைத் திரவியம், இவை எல்லாமே அதே கதையைச் சொல்பவை.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் நேராக இருக்கிறதா, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கதவிலிருந்து மட்டும் காற்றுச் சத்தம் வருகிறதா.

படி 8: கார் உங்கள் மெக்கானிக்கிடம் போக வேண்டும்

சாதாரணப் பழைய காருக்கு ஒரு மெக்கானிக் போதும். ரீபில்ட் காருக்கு இரண்டு பேர் பார்க்க வேண்டும்: இன்ஜின் பார்க்க ஒரு மெக்கானிக், உடல் பார்க்க விபத்துக் கார்களைச் சரிசெய்யும் பாடி ஷாப்காரர். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் கூடாது. இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு டாலர் ஆகலாம். கொடுங்கள்.

மெக்கானிக்கிடம் ஸ்கேன் கருவியில் கோளாறுக் குறியீடுகளோடு, ரெடினெஸ் மானிட்டர்களையும் (கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்பதன் பதிவு) பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை தயாராகவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கூடவே நான்கு சக்கர அலைன்மென்ட் அளவு எடுத்து, அச்சிட்ட தாளை வாங்குங்கள். மலிவாக, சேசிஸ் வளைவைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இது. இடது, வலது சக்கரங்களின் காஸ்டர் கோணத்தில் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) பெரிய வித்தியாசம் இருந்தாலோ, சரிசெய்தும் அளவுக்குள் வராமல் நின்றாலோ, அடியில் ஏதோ வளைந்திருக்கிறது. பாடி ஷாப்காரர் லிஃப்டில் ஏற்றி, தண்டுகளில் புது வெல்டிங், இழுவைக் கொக்கி கடித்த தடம், ஒரே இடத்தில் மட்டும் அடித்த கறுப்புப் பூச்சு இருக்கின்றனவா என்று பார்ப்பார். முன் பம்பரோ விண்ட்ஷீல்டோ மாற்றிய கார் என்றால், தானாகப் பிரேக் போடும் ரேடாரும் கேமராவும் மறுபடி அளவு சரிசெய்யப்பட்டதற்கு ரசீது உண்டா என்றும் கேளுங்கள்.

பரிசோதனைக்குக் காரை விட மறுப்பவரிடம் வாதாட வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 9: விலையை விற்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

முத்திரை விழுந்த கார், சுத்தமான டைட்டில் உள்ள அதே காரைவிட 20 முதல் 40 சதவீதம் குறைவு என்பதுதான் சந்தையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. விற்பவர் 20ஐப் பிடித்துக்கொள்வார். நீங்கள் 35இல் ஆரம்பியுங்கள். ஏன் என்று ஓர் உதாரணத்தில் பாருங்கள்.

சுத்தமான கார் 15,000 டாலர், ஆறு வருடம் ஓட்டி 7,000க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு ஆன செலவு 8,000. அதே கார் ரீபில்டில் 12,000க்கு வாங்குகிறீர்கள். விற்கும்போது உங்களுக்கும் அதே 35 சதவீதம் குறையும், 4,550தான் கிடைக்கும். செலவு 7,450. ஆறு வருடத்தில் மிச்சம் வெறும் 550 டாலர். இன்சூரன்ஸ் கவரேஜ் குறைவது, கம்பெனி வாரன்டி போனது, டீலர்கள் எக்ஸ்சேஞ்சில் எடுக்கத் தயங்குவது எல்லாவற்றையும் 550 டாலருக்காக ஏற்றுக்கொள்வது நியாயமா? அதே காரை 9,500க்குப் பேசி முடித்தால் செலவு 4,950, மிச்சம் 3,050. அப்போது யோசிக்கலாம்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி விற்கும்போது திரும்பிப் போய்விடும். ஆகவே கார் உருண்டு ஓயும்வரை ஓட்டப் போகிறவருக்குத்தான் இதில் உண்மையான மிச்சம். இரண்டு வருடத்தில் ஊர் மாறப் போகிறவர், விசா முடிந்து கிளம்ப வேண்டியிருக்கும் மாணவர், அவசரமாக விற்க நேரிடக்கூடிய யாரும் இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கடைசி வாரத்தில் ரீபில்ட் காரை விற்பது மிகவும் கஷ்டம். கைக்குழந்தையை வைத்துத் தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு, ஆலங்கட்டி அடித்த காரையும் திருடு போய்க் கிடைத்த காரையும் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

படி 10: பணம் கைமாறும் நாள்

டைட்டிலில் இருக்கும் வின், டேஷ்போர்டில் விண்ட்ஷீல்டு வழியாகத் தெரியும் வின், ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும் வின், மூன்றும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் பொருந்த வேண்டும். ஓடோமீட்டர் எண்ணை டைட்டிலில் அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

டீலரிடம் வாங்கினால், பழைய கார்களில் பையர்ஸ் கைடு என்ற தாளை ஒட்டியிருக்க வேண்டும் என்பது ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி. அதில் ஆஸ் இஸ் என்று குறித்திருந்தால், வெளியே வந்ததும் எது உடைந்தாலும் செலவு உங்களுடையது. வாயால் சொன்ன "முப்பது நாள் பார்த்துக்கொள்வோம்" தாளில் இல்லை என்றால் அது இல்லை. தனியார் விற்பனைக்கு இந்தத் தாள்கூடக் கிடையாது. அதனால் விற்பனை ரசீதில் என்ன அடி பட்டது, ஏர்பேக் வெடித்ததா இல்லையா, எவையெல்லாம் மாற்றப்பட்டன என்று விற்பவர் சொன்னதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், அதுவரை சொன்னதில் எது உண்மை என்று மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

பதிவு முடிந்ததும் ஏலப் படங்கள், பில்கள், அலைன்மென்ட் தாள், பாடி ஷாப் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். முழுக் கவரேஜ் கேட்கும்போது இன்சூரன்ஸ் நிறுவனம் இவற்றைத்தான் கேட்கும். சில வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவரிடம் அந்தக் கோப்பை அவர் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுங்கள்.